பழம் வேண்டாம், கீரை வேண்டாம், புளிப்பு வேண்டாம்: வேலூரில் இருந்துகொண்டு வைட்டமின் சி குறையுமா?

சத்துவாச்சாரி செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி ஒரு சந்தேகம். எழுபதைத் தாண்டியவர். அம்மா போன பிறகு தோட்டப்பாளையம் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் கேட்பதில்லை. கொஞ்ச காலமாகவே அசதி, முழங்கால் வலி என்பார். வயசாகுதில்ல என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். போன வாரம் வேட்டியை மடித்துக் கட்டியபோது பார்க்கிறேன், கெண்டைக்காலில் திட்டுத் திட்டாக ஊதா நிறம். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் மயிர்க்கால் ஒவ்வொன்றைச் சுற்றியும் சின்னச் சிவப்புப் புள்ளி. முடியெல்லாம் சுருண்டு கிடக்கிறது. பல் தேய்த்தால் ரத்தம். முன்னங்காலில் பட்ட ஒரு கீறல் ஆறவே இல்லை.

டெங்குவோ என்று பயந்து ரத்தம் எடுத்துப் பார்த்தோம். தட்டணுக்கள் சரியாக இருந்தன. அப்புறம் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். இட்லி, சர்க்கரை இல்லாத டீ, மதியம் ரசம் சாதமும் அப்பளமும், சாயந்திரம் பொறை, ராத்திரி பாலில் ஊறிய பிரெட். தினமும் இதேதான். சுகர் என்று பழத்தை நிறுத்தியிருக்கிறார். அல்சர் என்று எலுமிச்சை, தக்காளி கிடையாது. கிட்னிக்கு ஆகாது என்று கீரையும் இல்லை. வைட்டமின் சி குறைபாடாக இருக்கலாம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தக் காலத்தில் இதெல்லாம் வருமா? வேறு யாருக்கெல்லாம் வரும்? வீட்டில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

காட்பாடி ரயிலடி:
எனக்கு நம்பிக்கை வரவில்லை செல்வி. வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்தது. நம் ஊரில் எந்த வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் இல்லை? வாரத்தில் பாதி நாள் புளிக்குழம்பு, மீதி நாள் ரசம். இவ்வளவு புளிப்பு தின்கிற ஊரில் வைட்டமின் சி எப்படிக் குறையும்? சுகர்காரர்களுக்குக் காலில் நிறம் மாறும், புண் ஆறாது. இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

உமா, உணவு ஆலோசகர்:
ரயிலடி சார், புளிப்பு வேறு, வைட்டமின் சி வேறு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். 100 கிராம் புளியில் வைட்டமின் சி சுமார் 3 மில்லிகிராம்தான். குழம்புக்கு நாம் போடுவதோ நெல்லிக்காய் அளவு உருண்டை, அதையும் கொதிக்க வைக்கிறோம். தயிர் எவ்வளவு புளித்தாலும் அதில் அநேகமாக ஒன்றும் கிடையாது. எலுமிச்சைச் சாற்றில் உண்டு. ஆனால் வெயிலில் காய்ந்து, ஜாடியில் மாதக்கணக்கில் ஊறிய ஊறுகாயில் பெரும்பகுதி போயிருக்கும். அதிலும் நாம் தொட்டுக்கொள்வது ஒரு துண்டு.

கப்பல் கதையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். வினிகர் ஒரு ஜோடிக்கு, நீர்த்த கந்தக அமிலம் இன்னொரு ஜோடிக்கு. இரண்டுமே நல்ல புளிப்பு, இரண்டும் பலிக்கவில்லை. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மளமளவென்று தேறினார்கள். அதே லிண்ட் பிறகு சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துக் கப்பலில் எடுத்துப் போகலாம் என்று யோசனை சொன்னார். காய்ச்சியதில் சத்து அழிந்து அது உதவாமல் போயிற்று.

இனி செல்வி கேட்டது. ஆடு, மாடு, நாய் எல்லாம் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. உடம்பு முழுக்கச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 1,500 மில்லிகிராம். சுத்தமாக வரவு நின்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் இருப்பு கரைந்து, 300, 350க்குக் கீழே போகும்போது அறிகுறிகள் தெரியத் தொடங்கும். முதலில் அசதி, எரிச்சல், மூட்டு வலி. அப்புறம்தான் ஈறு, தோல். கொலாஜன் என்ற புரதம் உறுதியாக உருவாக இந்த வைட்டமின் வேண்டும். அது இல்லாவிட்டால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும், பழைய புண்ணின் தழும்புகூடப் பலமிழக்கும். மயிர்க்காலைச் சுற்றிப் புள்ளி, சுருண்ட முடி என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அபூர்வமா என்றால், முற்றிய ஸ்கர்வி அபூர்வம். ரத்தத்தில் அளவு குறைந்திருப்பது அபூர்வமே இல்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. வட இந்தியாவில் ஒரு பகுதி, தெற்கே புதுச்சேரிப் பக்கம் ஒரு பகுதி. வடக்கே சுமார் 74 சதவீதம் பேருக்குக் குறைபாடு, தெற்கே சுமார் 46 சதவீதம். வயது கூடக் கூட அதிகம், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். புகையிலைப் பழக்கமுள்ளவர்கள், விறகடுப்பு வீடுகள், உடல் மெலிந்தவர்கள், இவர்களிடமும் அதிகம். புதுச்சேரி நமக்குக் கூப்பிடு தூரம்தான்.

காட்பாடி ரயிலடி:
வினிகர் கதை நல்ல கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஈறில் ரத்தம் வந்தால் உடனே வைட்டமின் என்று கிளம்பிவிடக் கூடாது.

உமா, உணவு ஆலோசகர்:
அது ரொம்பச் சரி. ஈறில் ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பல்லில் காரை, ஈறு நோய். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் வரும், சில ரத்த நோய்களிலும் வரும். அதனால்தான் தட்டணுக்களைப் பார்ப்பது அவசியம். செல்வியின் அப்பாவுக்கு அதைப் பார்த்துவிட்டார்கள்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்திருப்போம், அதனால் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சுபேதார் சொல்லித்தான் இதைக் கேள்விப்பட்டேன், பிறகு படித்தும் பார்த்தேன். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில், குட் என்ற ஊரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் மாட்டிக்கொண்டது. 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை. சாப்பாடு தீர்ந்தபோது குதிரைகளை வெட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தின்றார்கள். நம் ஆட்களில் பலர் தொடமாட்டோம் என்று வெகுநாள் ஆட்டா, பருப்போடு காலம் தள்ளினார்கள். அவர்களுக்கு ஸ்கர்வி. வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷாருக்கோ வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி. ஒரே கோட்டைக்குள் இரண்டு நோய்.

பச்சை இறைச்சியில் கொஞ்சம் வைட்டமின் சி உண்டாம். வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. முழுப் பயறை முளைகட்டித் தின்றால் ஸ்கர்வி தணியும் என்று அந்தப் போர்க்காலத்தில்தான் பரிசோதித்து நிறுவினார்கள். காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் முளைவிட்டதும் வந்துவிடுகிறது. தண்ணீரும் ஈரத் துணியும் இருந்தால் போதும், தோட்டம் வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். தனியாக இருக்கும் பெரியவருக்கு இது சுலபம்.

ஆம்பூர் ஷூ கம்பெனி அக்கா:
ஹவில்தார் அண்ணே, நல்ல சேதி. எனக்கு வேறு கவலை. எங்கள் லைனில் தைக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், சாப்பாடு முடிந்ததும் விழுங்கி, கையோடு டீ. அதற்கும் இந்த வைட்டமினுக்கும் தொடர்பு உண்டா? அப்புறம் என் வீட்டுக்காரர் பீடி. மாமியார் பீடி சுற்றுகிறவர், புகையிலையும் போடுவார்.

உமா, உணவு ஆலோசகர்:
உண்டு அக்கா. கேழ்வரகு, பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பைக் குடல் லேசில் உறிஞ்சாது. அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். டீ நேர் எதிர், தடுக்கும். களியோடு கீரைக் குழம்பு, பக்கத்தில் பச்சை வெங்காயமும் பச்சை மிளகாயும் என்று சாப்பிட்டார்களே, அதில் விஷயம் இருக்கிறது. பச்சை மிளகாயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் வரை உண்டு, என்ன, 100 கிராம் யாராலும் தின்ன முடியாது. மதியச் சோற்றோடு ஒரு கொய்யாக் கீற்றோ, பிழிந்த எலுமிச்சையோ வைத்துக்கொள்ளுங்கள். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

இந்தியக் கணக்கில், 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொன்னபடி, நாளொன்றுக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65, கர்ப்பிணிக்கு 80, பால் கொடுக்கும் தாய்க்கு 115. ஸ்கர்வி வராமல் தடுக்க மட்டும் என்றால் 10 மில்லிகிராம் போதும். புகை பிடிப்பவர்களின் உடம்பு இதை வேகமாகச் செலவழிக்கும். அவர்களுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. உங்கள் வீட்டுக்காரருக்குக் கொய்யாவைவிட பீடியை விடுவதுதான் லாபம். அதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரியும்.

ஆம்பூர் ஷூ கம்பெனி அக்கா:
ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு எலுமிச்சை பிழிந்துகொள்கிறாராம், அதில் சரியாகிவிடுமாம். 😀

ராணிப்பேட்டை ராத்திரி ஷிப்ட்:
என் அண்ணனுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று முறை. பொட்டாசியம் ஏறும் என்று பழம், இளநீர், கீரை எல்லாவற்றுக்கும் தடை. காயைக்கூட நறுக்கி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறோம். இப்படிச் செய்தால் வைட்டமின் என்ன மிஞ்சும்? நானே கடையில் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

உமா, உணவு ஆலோசகர்:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. குறைபாடு வரக்கூடியவர்கள் பட்டியலில் உங்கள் அண்ணன் மேலேயே இருக்கிறார், உண்மைதான். இது தண்ணீரில் கரையும் வைட்டமின், டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிடும். சாப்பாட்டிலும் வருவதில்லை. ஆனால் மிஞ்சுகிற வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட் என்ற கழிவுப் பொருளாக மாறும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது வெளியேறாமல் உறுப்புகளில் படியும். அதனால் அவர்களுக்குச் சிறு அளவுதான் கொடுப்பார்கள். எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கொடுக்கிற பி வகை மாத்திரையிலேயே சி சேர்ந்திருக்கலாம், அட்டையைப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப் மணி:
கடைக்காரன் பார்வையில் ஒன்று. கொரோனா வந்தபோது இந்தச் சப்புகிற மாத்திரைக்கு வரிசையே நின்றது. இன்னும் பல வீட்டில் மிட்டாய் மாதிரி டப்பா திறந்தே கிடக்கிறது. பிள்ளைகள் நாலைந்தை ஒன்றாக வாயில் போடுகின்றன. ஒரே நேரத்தில் எவ்வளவு போட்டாலும் குடல் உறிஞ்சுவதற்கு ஓர் அளவுண்டு, மீதி சிறுநீரிலும் பேதியிலும் போய்விடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் உச்சவரம்பு. அதற்குக் கீழேயும் தினமும் அதிக டோஸ் எடுக்கிற ஆண்களுக்குக் கிட்னியில் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. வேலூர் வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு அது ஏற்கெனவே உள்ள தொல்லை. இன்னொன்று, அதிக டோஸ் எடுத்தால் சில குளுக்கோமீட்டர்களில் சர்க்கரை அளவு தப்பாக ஏறிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. செல்வி அக்கா, அப்பாவிடம் மெஷின் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி வாத்தியார்:
சளிக்கு இது நல்லது என்று என் மனைவி பள்ளிக்கூடம் திறந்தால் மூட்டை கட்டுகிறாள். நிஜமா?

உமா, உணவு ஆலோசகர்:
பெரிதாக இல்லை சார். தினமும் எடுத்தாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறையவில்லை, வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடும், அவ்வளவுதான். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் அதுவும் இல்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் சிப்பாய்கள் மாதிரி உடம்பை வருத்துகிறவர்களுக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. ஹவில்தார் ஐயா மலையில் இருந்தபோது பயன்பட்டிருக்கும்.

சத்துவாச்சாரி செல்வி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு புது விவரம். அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாகவே இருக்கிறது. கீரையை நிறுத்தச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. கூட வாக்கிங் போகிற நண்பருக்குக் கிட்னி பிரச்சினை, அவருக்குச் சொன்ன பத்தியத்தை இவரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்! அல்சர் என்பது எப்போதோ வந்து போன வயிற்றெரிச்சல். சுகர் டாக்டர் மாம்பழம், சப்போட்டாவைக் குறைக்கச் சொன்னது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பழமே கூடாது என்று ஆகிவிட்டது. மூன்று தடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதில் தட்டில் மிஞ்சியதெல்லாம் வெள்ளை நிறம்தான். மாத்திரை ஆரம்பித்ததும் அசதி சட்டென்று குறைந்தது, ஈறில் ரத்தமும் மட்டுப்பட்டிருக்கிறது. கால் திட்டு மெதுவாகத்தான் மறையும் என்றார்கள். இப்போது சிக்கல், கொய்யா வாங்கிக் கொடுத்தால் விதை கடிக்க முடியவில்லை என்கிறார்.

உமா, உணவு ஆலோசகர்:
நல்லது. நான் பார்க்கும் முதியவர்கள் பலரிடமும் இதே கதைதான் செல்வி. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்றைக் குறைக்கச் சொல்வார், பக்கத்து வீட்டார் இன்னொன்றைச் சேர்ப்பார், சளி பிடிக்கும், குளிர்ச்சி என்று மிச்சத்தை நாமே தள்ளிவிடுவோம். எதைத் தின்னலாம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

கொய்யாவை நாலாக வெட்டி நடுவில் உள்ள விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, சதையை மட்டும் மசித்துக் கொடுங்கள். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, பாதிப் பழம் ஒரு நாளைக்குத் தாராளம். சுகர்காரர்களும் அளவாகச் சாப்பிடலாம். நன்றாகக் கனிந்ததைவிடச் செங்காய் மேல். பப்பாளியும் நல்லது, பல்லுக்கும் இதம். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் வாசலில் ஆப்பிளைத்தான் வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். அதில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பெரிது. நேதாஜி மார்க்கெட்டில் அந்தக் காசுக்கு ஒரு பை கொய்யா வரும்.

குடியாத்தம் தறி:
நெல்லிக்காயை விட்டுவிட்டீர்களே மேடம். 600 மில்லிகிராம்!

உமா, உணவு ஆலோசகர்:
அது பழைய அட்டவணை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் திரும்ப அளந்து வெளியிட்டதில் 250 சொச்சம்தான். முருங்கைக் கீரையும் 220 என்று இருந்தது 108 ஆகிவிட்டது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஒரு பெரிய நெல்லிக்காய் ஒரு நாளைக்குப் போதும். மோரில் அரைத்துக் கலந்து கொடுத்தால் துவர்ப்புத் தெரியாது. தேனில் ஊறியது, சர்க்கரைப் பாகு எல்லாம் சுகர்காரர்களுக்கு வேண்டாம்.

கீரை சமைப்பதில்தான் நிறைய விடுகிறோம். அரிந்துவிட்டு அலசினால் சத்து அலசிய தண்ணீரோடு போயிற்று. முழுசாக அலசி, பிறகு அரியுங்கள். தண்ணீர் முதலில் கொதிக்கட்டும், அப்புறம் கீரையைப் போட்டுச் சீக்கிரம் இறக்குங்கள். வடிக்காதீர்கள். காலையில் வைத்ததை ராத்திரிக்குச் சுடவைத்தால் அடுத்த இழப்பு. ஈயம் பூசாத செம்புப் பாத்திரம் வைட்டமின் சிக்குப் பெரிய விரோதி.

பேரணாம்பட்டு அம்மா:
என் பையனுக்கு அஞ்சு வயது. ஆட்டிசம் இருக்கிறது. நெய் தோசை, ஒரே கம்பெனி பிஸ்கட், பால். வேறு எது வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவான். பத்து நாளாகக் கால் வலி என்று அழுகிறான், தூக்கச் சொல்கிறான், நடக்க மாட்டேன் என்கிறான். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

உமா, உணவு ஆலோசகர்:
அம்மா, இங்கே யாரும் இதுதான் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது. நடக்க மறுக்கும் குழந்தையை உடனே காட்ட வேண்டும், காரணம் பல இருக்கும். ஆனால் நாளைக்கே போங்கள், போனதும் முதல் வேலையாக அவன் சாப்பிடும் மூன்று பொருளையும் சொல்லுங்கள். வைட்டமின் சி குறைந்தால் குழந்தைகளுக்கு எலும்பு உறைக்கு அடியில் ரத்தம் கசிந்து கால் தாங்க முடியாமல் வலிக்கும். சாப்பாட்டு விவரம் தெரியாவிட்டால் மூட்டு நோய், எலும்பில் கிருமி, சில சமயம் ரத்தப் புற்றுநோய் என்றுகூடத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஈறு வீங்கியிருக்கிறதா, மேலெல்லாம் திட்டு இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். இதுதான் காரணம் என்றால் மருந்து கொடுத்த சில நாளிலேயே வலி குறைய ஆரம்பிக்கும். காய்ச்சிய பசும்பாலில் வைட்டமின் சி மிகக் குறைவு. தாய்ப்பாலில் உண்டு, அதனால் கைக்குழந்தைகள் உள்ளவர்களும் இதைக் கவனியுங்கள்.

பேரணாம்பட்டு அம்மா:
காலையில் முதல் பஸ்ஸில் போகிறோம்.

மெடிக்கல் ஷாப் மணி:
விடாமல் குடிக்கிறவர்களை யாரும் சொல்லவில்லையே. சோற்றுக்குப் பதில் குவார்ட்டர் என்று இருக்கிறவர்களுக்கும் இது வரும். குடல் நோய், குடல் அறுவை செய்தவர்கள், கீமோ எடுத்து வாய்ப்புண்ணோடு சாப்பிட முடியாதவர்கள், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் பையன்:
நூடுல்ஸும் டீயும்தான் என் செமஸ்டர். நான் செத்தேனா?

உமா, உணவு ஆலோசகர்:
மெஸ்ஸில் தக்காளிச் சட்னி போட்டால் ஒழுங்காகச் சாப்பிடு, காலேஜ் வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற கொய்யாவை வாரத்தில் மூன்று நான்கு நாள் தின்னு. பிழைத்துக்கொள்வாய்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
உமா அம்மா, ஒரு கேள்வி. முளைகட்டிய பயறை என் வீட்டில் குக்கரில் மூன்று விசில் விடுகிறார்கள். பல் இல்லாதவர்கள் பச்சையாக மெல்லவும் முடியாது. என்ன செய்யலாம்?

உமா, உணவு ஆலோசகர்:
மூன்று விசிலில் பெரும்பகுதி போய்விடும் ஐயா. பச்சையாகத் தின்றால் சில சமயம் கிருமி சேரும், பெரியவர்களுக்கு அதுவும் வேண்டாம். இட்லிப் பானையில் ஆவி வந்ததும் நாலைந்து நிமிடம் வைத்து எடுத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, ஆறினதும் எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிய வேண்டாம். முளை ரொம்ப நீள விடாதீர்கள், கசக்கும். வேலூர் வெயில் காலத்தில் ஒரு ராத்திரியே போதும், துணியை மட்டும் இரண்டு முறை அலசி மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறிவிடும்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
சரிம்மா. இட்லிப் பானை இருக்கிறது. உரலைத்தான் மருமகள் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள், இறக்கச் சொல்கிறேன்.